எதைத் தள்ளிப்போடோணுங்க?

கணபதியில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தாண்டி ஒரு மருந்துக்கடை. இரண்டு பக்கமும் லேத் பட்டறைகள். இரும்பைக் கடையும் சத்தத்தில் மெதுவாகச் சொன்னால் எதுவும் காதில் விழாது என்பதால், அங்கே வருகிறவர்கள் மூலத்துக்கு மருந்து கேட்பதாக இருந்தாலும் கத்தித்தான் கேட்பார்கள். கல்யாணமாகி இரண்டே மாதமான நான் ஒரு சனிக்கிழமை காலை அங்கே போய், என்னால் முடிந்தவரை உரக்க, "தள்ளிப்போடற மாத்திரை வேணுங்க" என்றேன். அந்த நொடி பார்த்து இரண்டு பட்டறையிலும் கரண்ட் போனது.

"எதைத் தள்ளிப்போடோணுங்க?" என்று கேட்டார் கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்ற பெண். கரண்ட் போனதற்காகக் குரலைக் குறைக்கவில்லை. "தூரத்தையா, குழந்தையையா?"

மாதவிலக்கைத்தான் எங்கள் பக்கம் தூரம் என்போம். எனக்குப் பக்கத்தில் கண் மருந்துக்காக நின்றிருந்த பெரியவர் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். அதுவும் நின்றுபோயிருந்தது. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

"ரெண்டுக்கும் ஒரே மாத்திரைதானுங்களே?" என்றேன்.

அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். "சித்தெ உள்ள வாங்க" என்றார்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. கணபதியில் பாதிப் பேருக்கு அது தெரியவும் தெரியாது, மெடிக்கல் அக்கா என்றால் போதும். அப்போது அவருக்கு முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கலாம். பல்லடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வீட்டை ஒட்டியே தறி ஓடிக்கொண்டிருக்க வளர்ந்தவர். அதனால் மெதுவாகப் பேசும் பழக்கம் அவருக்கு வரவே இல்லை. தைரியசாலி என்று ஊரில் சிலரும், வெட்கங்கெட்டவள் என்று சிலரும் சொன்னார்கள். நான் முதல் ஒரு வாரம் இரண்டாவது கட்சியில்தான் இருந்தேன்.

கேள்வி கேட்காமல் எதையும் எடுத்துக் கொடுக்க மாட்டார். அவரைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். தலைவலி மாத்திரை கேட்டால் எந்தப் பக்கம் வலி என்பார். பெண்கள் சம்பந்தப்பட்ட எதைக் கேட்டாலும் முதல் கேள்வி, "கடைசியா என்னிக்கு வந்துச்சுங்க?" என்பதுதான். மேசை மேல் ஒரு தினசரிக் காலண்டர் இருந்தது. அதில் அவர் தேதி கிழிக்கவே மாட்டார். போன நாட்களையெல்லாம் பின்னால் மடக்கி, துணிக்குப் போடும் கிளிப் ஒன்றால் பிடித்து வைத்திருப்பார். "போன தேதிதானுங்க நமக்கு வேணும், வர்ற தேதி யாருக்கு வேணும்?" என்பார். கடை முதலாளிக்கு அது ஆகாது. தேதி கிழிக்காத கடை விளங்காது என்று அவர் வரும்போதெல்லாம் புலம்புவார். வாங்க வந்தவர்களைக் கேள்வி கேட்டு டாக்டரிடம் துரத்துகிற ஆளை வைத்துக்கொண்டு காலண்டரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்குத் தோன்றும்.

மனைவிக்காக மாத்திரை வாங்க வரும் கணவன்மார்களின் பாடுதான் பெரும்பாடு. ஒரு தடவை நான் நிற்கும்போது வெள்ளைச் சட்டையில் ஒருவர் வந்தார். நல்ல உயரம், முறுக்கு மீசை. வெள்ளிக்கிழமை குலதெய்வக் கோயிலில் பொங்கலாம், சம்சாரத்துக்குத் தள்ளிப்போட மாத்திரை வேண்டுமாம்.

"அவங்களுக்குக் கடைசியா என்னிக்கு வந்துச்சுங்க?"

"அது... தெரியலீங்களே."

"வழக்கமா எத்தனை நாளைக்கு ஒருக்கா வரும்?"

"மாசத்துக்கு ஒருக்கா வருமுங்க" என்றார் அவர், பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

"கால் வலி, வீக்கம், ரத்தக்கட்டி, இப்படி எதாச்சும் அவங்களுக்கு இருந்திருக்குதுங்களா? ஈரல்ல எதாச்சும்? இதெல்லாம் கேக்காமக் குடுக்க மாட்டனுங்க. போனைப் போட்டு அவங்களையே கேளுங்க. இல்லீன்னா அவங்களையே வரச் சொல்லுங்க. மாத்திரை போடற ஒடம்பு அவங்களதுதானுங்களே."

மனுஷன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய், வேப்பமரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, வாயைக் கையால் மூடியபடி போனில் கேட்டார். திரும்பி வந்தபோது மீசை கொஞ்சம் தளர்ந்திருந்தது. தேதியை மட்டும் சரியாகச் சொன்னார். கல்யாணமாகி எத்தனை வருஷத்துக்கப்புறம் அதை அவர் முதன்முதலாகக் கேட்டாரோ.

என் கதைக்கு வருகிறேன். அந்தச் சனிக்கிழமை என்னை உள்ளே கூப்பிட்டு, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார். என் கல்யாண முகூர்த்தம் சரியாக எனக்குத் தூரம் வரும் நாளில் விழுந்திருந்தது. பெரியம்மா மகள் ஒரு அட்டை மாத்திரை வாங்கிக் கொடுத்து, "மூணு நாளுக்கு முன்னால இருந்து போடு, தள்ளிப்போகும்" என்றாள். போட்டேன், தள்ளிப்போனது. கல்யாணம் முடிந்தபின் குழந்தையையும் ஒரு வருஷம் தள்ளிப்போட வேண்டியிருந்தது. மீதி மாத்திரை கையில் இருந்தது. தள்ளிப்போடுவது என்றால் எல்லாவற்றையும்தானே தள்ளும் என்று, மெக்கானிக்கல் டிப்ளமோவில் முதல் வகுப்பு வாங்கிய என் மூளை முடிவு கட்டிவிட்டது. ஞாபகம் வந்தபோதெல்லாம் ஒன்று போட்டேன். இருபது நாளாக ரத்தம் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தது.

ஒரு வருஷத்துக்குக் காரணம் என் வேலை. பம்ப் செட் கம்பெனியில் சோதனைப் பிரிவில் என்னைப் பயிற்சிக்கு எடுத்திருந்தார்கள். எனக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்த பெண் வேலைக்கு வந்த ஐந்தாம் மாதத்திலேயே கர்ப்பமாகி நின்றுவிட்டாள். "பொம்பளப் புள்ளைகள எடுத்தா இதான்" என்று மேலாளர் என் காதுபடச் சொல்லியிருந்தார். நானும் அப்படி நின்றால் அந்தப் பிரிவுக்கு இன்னொரு பெண்ணை எடுக்க மாட்டார்கள், எனக்கும் வேறு இடம் கிடைக்காது. என் கணவருக்குச் சம்மதம். ஆனால் அவருடைய அம்மாவிடம், அதாவது என் அத்தையிடம், அதைச் சொல்லும் துணிச்சல் எங்கள் இரண்டு பேருக்குமே இல்லை.

"அட சாமி" என்றார் அக்கா, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "விசேசத்துக்குப் போடறது வர்ற ரத்தத்தைக் கொஞ்ச நாள் புடிச்சு வெக்குமுங்க, அவ்வளவுதான். அதை நீங்க போட்ட லட்சணத்துல நம்பிக் குழந்தையத் தள்ளிப்போட முடியாது. இப்ப உண்டாயிருக்கீங்களா இல்லியான்னே எனக்குத் தெரியலையே."

கர்ப்பச் சோதனை அட்டையில் ஒற்றைக்கோடு வரும்வரை நான் உயிரோடு இல்லை. அதன்பிறகும் அவர் மாத்திரை தரவில்லை. ஒரு சீட்டில் என் தேதிகளையெல்லாம் எழுதிக் கொடுத்து, பக்கத்துத் தெருவில் இருந்த லேடி டாக்டரிடம் அனுப்பினார். "ஒத்தைத் தலைவலி வருங்களா? அதுக்கு முன்னால கண்ணுக்குள்ள பளிச்சுப் பளிச்சுன்னு மின்னுங்களா? இருந்தா டாக்டருகிட்ட மறக்காமச் சொல்லுங்க, அப்புடி வர்றவங்களுக்கு இந்த மாத்திரை ஆகாது." எனக்கு அதெல்லாம் இல்லை. டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்து, எழுதிக் கொடுத்தார். இருபத்தொரு வெள்ளை மாத்திரை, ஏழு பழுப்பு மாத்திரை.

"வெள்ளைல இருக்கறதுதான் ஹார்மோன். பழுப்பு வெறும் இரும்புச் சத்து" என்று அட்டையை மேசையில் வைத்து விளக்கினார் அக்கா. "மாசாமாசம் உள்ள ஒரு முட்டை வெடிச்சு வெளிய வருமுங்க. வெள்ளை மாத்திரை அதை வர உடாது. கர்ப்பப்பைக்குள்ள மெத்தையாட்டக் கட்டும் பாருங்க, அதையும் மெல்லிசாவே வெச்சிருக்கும். பழுப்புக்கு வந்ததும் ஹார்மோன் நின்னுபோகுதல்லங்க, அப்ப அந்த மெத்தை கலைஞ்சு வரும்."

"அப்ப அது தூரம் இல்லீங்களா?"

"நெசமான தூரம் இல்லீங்க. மருந்து நின்னதுக்கு வர்ற ரத்தம்."

"அப்பச் சாமி ரூமுக்குப் போலாமுங்களா?"

அன்றைக்குத்தான் அவர் சிரிப்பதை முதன்முதலாகப் பார்த்தேன். "அதை எங்கிட்டக் கேக்காதீங்க. நான் படிச்ச பாடத்துல அது இல்லை."

இதைப் போய்க் கேட்டேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் என்னைவிட மோசமான ஆட்களும் இருந்தார்கள் என்பதில் ஒரு ஆறுதல். ஒரு அம்மா, கணவர் போர்வெல் வண்டியில் வடக்கே ஆழ்குழாய் தோண்டப் போகிறவர், அவர் வீட்டுக்கு வரும் நாட்களில் மட்டும் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். அவர் இல்லாத நாளில் எதற்கு வீணாக உடம்பைக் கெடுத்துக்கொள்வது என்று கேட்டார். "அக்கா, மழை வர்றப்ப விரிக்கறதுக்கு இது கொடை இல்லீங்க" என்றார் மெடிக்கல் அக்கா. "தெனமும் போட்டாத்தான் முட்டையப் புடிச்சு நிறுத்தும். ரெண்டு நாள் உட்டா அது வந்துபோடும். உங்களுக்கு இது சரிப்படாது, டாக்டருகிட்ட வேற வழி கேளுங்க" என்று சொல்லி, போடாத மாத்திரைகளை எண்ணிப் பார்த்து, அவருக்கும் ஒரு சீட்டு எழுதினார்.

முதல் மாதம் எனக்குக் குமட்டலோடு போனது. மார்பு கனத்து வலித்தது. காரணமே இல்லாமல் ஒரு நாள் தோசைக்கல்லைப் பார்த்து அழுதேன். இரண்டாம் மாதம் இடையில் இரண்டு நாள் லேசாகப் பட்டது. ஒவ்வொன்றுக்கும் கடைக்கு ஓடினேன். சலிக்காமல் பதில் சொல்வார். "புது ஹார்மோனுக்கு ஒடம்பு பழகோணுமுங்க, மூணு மாசம் பாருங்க. கெண்டைக்கால் வலிச்சு வீங்குனாலோ, மூச்சு வாங்குனாலோ மட்டும் இங்க வராதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க." மூன்றாம் மாதம் எல்லாம் அடங்கிவிட்டது. வயசுக்கு வந்த நாளிலிருந்து மாதம் இரண்டு நாள் என்னைச் சுருட்டிப் போடும் வயிற்றுவலிகூடக் காணாமல் போயிருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது.

நான்காம் மாதம் பழுப்பு மாத்திரை ஏழும் தீர்ந்தன. ஒரு சொட்டுகூட வரவில்லை.

மறுபடி சனிக்கிழமை, மறுபடி பிளாஸ்டிக் நாற்காலி. "வெள்ளைல எதாச்சும் உட்டீங்களா? வாந்தி, பேதி? வேற மருந்து?" எதற்கும் இல்லை என்றேன். சோதனை அட்டை, ஒற்றைக்கோடு. "மெத்தையே கட்டலீன்னா எது கலைஞ்சு வரும்? சிலருக்கு இப்புடி ஆகுமுங்க. பயப்படாம அடுத்த அட்டைய ஆரம்பிங்க."

என் பயம் தீர்ந்தது. ஆனால் வீட்டில் வேறொன்று ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் தூரமான மூன்று நாள் சாமி அறைக்குப் போகமாட்டோம். அந்த மாதம் முழுக்க நான்தான் விளக்கேற்றினேன். அத்தை அதை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"ஏங்கண்ணு, தள்ளிப்போயிருக்குதா?" என்று கேட்டார், முகமெல்லாம் சிரிப்பாக.

தமிழில் இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நாங்கள் எத்தனை காரியம் பார்க்கிறோம். கோயிலுக்காகத் தள்ளிப்போடுகிறோம், குழந்தையைத் தள்ளிப்போடுகிறோம், ஒன்றும் செய்யாமலே தள்ளிப்போனால் பாயசம் வைக்கிறோம். நான் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கோழைத்தனம்தான். அத்தை அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். அன்றைக்கே அந்தியூரில் இருக்கும் தன் தங்கைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து பைக்கில் வேலைக்குப் போக வேண்டாம் என்றார். வேலையே எதற்கு என்பது அடுத்த பேச்சாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை நான் வேலையிலிருந்து வந்தபோது அத்தை கொதித்துக்கொண்டிருந்தார்.

"அந்த மெடிக்கல்காரிக்கு எத்தனை கொழுப்பு பாரு. உனக்கு டெஸ்ட் பண்ற அட்டை வாங்கலாம்னு போனேன். யாருக்குன்னா. என்ற மருமகளுக்குன்னேன். கடைசியா என்னிக்கு வந்துச்சுன்னா. அது எனக்கெப்படித் தெரியும்? அப்ப அவங்களே வரட்டும்ங்கறா. கேட்ட சாமானைக் குடுக்கறதுக்கு என்னடி?"

"வேற எதாச்சும் சொன்னாங்களா அத்தை?"

"சொல்லறதாவது. கேள்விதான். உங்களுக்குக் கடைசியா என்னிக்குங்கன்னு என்னையப் போய்க் கேக்கறா. அம்பத்தஞ்சு வயசுல! நின்னு மூணு வருசமாச்சுன்னேன். அதுக்கப்புறம் ஒண்ணுமே படலீங்களான்னா. போன மாசம் ரெண்டு நாள் லேசாப் பட்டுது, கோடைச் சூடுன்னு உட்டுட்டேன்னேன். அவ்வளவுதான், பிடிச்சுக்கிட்டா. நின்னதுக்கப்புறம் ஒரு சொட்டுப் பட்டாலும் டாக்டரப் பாக்கோணுமாம். எல்லார்த்து முன்னாலயும், அந்தத் தொண்டைல!"

நான் முதலில் நினைத்தது என் ரகசியம் தப்பித்தது என்றுதான். அப்படி நினைத்ததை மறைக்க விரும்பவில்லை. அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அப்பாடா என்று பெருமூச்சு விட்டபிறகுதான் அத்தை சொன்னதன் மீதி என் மண்டைக்குள் இறங்கியது. போன மாதம் அத்தைக்கு ரத்தம் பட்டிருக்கிறது. என் தூரத்தை நாள் தவறாமல் எண்ணிய வீட்டில் அத்தையுடையதை யாரும் கேட்கவே இல்லை.

மறுநாள் லீவு போட்டு, கெஞ்சி, லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்திருந்தது. அதில் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அத்தை அந்தியூர்த் தங்கையின் போனைக்கூட எடுக்கவில்லை. புற்று இல்லை, ஆனால் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் அப்படி மாறியிருக்கலாம் என்றார் டாக்டர். மெல்லிசாக்குவதற்கு உள்ளே ஒன்றை வைக்கலாம் என்று, அரை விரல் நீளத்தில் ஒரு சின்னக் கருவியின் படத்தைக் காட்டினார். அதிலிருந்து ஹார்மோன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குமாம்.

"பயப்படாதீங்கம்மா. குழந்தையைத் தள்ளிப்போட நினைக்கிற பொண்ணுங்க நிறையப் பேர் வெச்சுக்கறதுதான்."

அத்தை டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "குழந்தை வேண்டாம்னு வெக்கறதா? எனக்கா?" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பத்து நாள் பயம் அத்தனையும் அந்தச் சிரிப்பில் வெளியே வந்தது. கண்ணிலும் தண்ணீர்.

வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது நான் சொல்லிவிட்டேன். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது. "உங்களுக்கு மெல்லிசாக்கறாங்கல்ல அத்தை, எனக்கும் அதேதான். மாத்திரை போடறேன். அதனாலதான் வரலை. நான் உண்டாகலீங்க அத்தை. ஒரு வருசம், இந்த வேலை நெலைக்கற வரைக்கும்." கருவி வைக்க அத்தையைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனார், வந்தார், ஆட்டோவில் ஏறினார். வீடு வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

இதெல்லாம் நடந்து எட்டு வருஷம் ஆகிறது. அத்தை நன்றாக இருக்கிறார். நான் அதே சோதனைப் பிரிவில் இருக்கிறேன், எனக்குக் கீழே இரண்டு பெண்கள். வேலை நிலைத்தபிறகு மாத்திரையை நிறுத்தி, மூன்றாம் மாதமே உண்டானேன். என் மகளுக்கு ஐந்து வயது. அக்கா அந்தக் கடையை விட்டுப் போய்விட்டார், பல்லடம் பக்கமே எங்கேயோ சொந்தமாகக் கடை போட்டிருப்பதாகச் சொன்னார்கள். அவருக்கு நான் சரியாக நன்றி சொன்னதில்லை. சொல்லப் போனபோதெல்லாம் அத்தைக்கு அடுத்த ஸ்கேன் எப்போது என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். அந்தப் பெண் கூச்சப்பட்டு ஒரு கேள்வியை விழுங்கியிருந்தால் எங்கள் வீட்டில் யார் இருந்திருப்பார்கள், யார் இருந்திருக்க மாட்டார்கள் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அவர் இல்லாத ஒரு சாயங்காலம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு அத்தைக்கு நான் காபி கலந்துகொண்டிருந்தேன். அந்தியூரிலிருந்து போன் வந்தது. இந்தத் தடவை அத்தை எடுத்தார். அத்தையின் தங்கையான சின்னத்தை ஏழாம் மாத வளைகாப்புக்கே திட்டம் போட ஆரம்பித்திருந்தார்.

"இல்ல அம்மணி, விசேசம் ஒண்ணுமில்ல. நாந்தான் அவசரப்பட்டுச் சொல்லிப்போட்டேன்." கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்துப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். "கொறையெல்லாம் ஒண்ணுமில்ல. வேலை நெலைக்கட்டும்னு மாத்திரை போட்டுக்கிட்டிருக்கறா. டாக்டரு பாத்துக் குடுத்ததுதான்."

சின்னத்தையின் குரல் உயர்வது அடுப்படி வரைக்கும் கேட்டது. யாரைக் கேட்டுச் செய்தாள் இவள் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். நான் டம்ளரைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

"யாரைக் கேக்கோணும்?" என்றார் அத்தை. "நாந்தான் போடச் சொன்னேன்."